வாரண்டியில் இருக்கும் கார் இன்ஜின் ஆயிலை அதிகமாகக் குடித்தால்: அளவெடுப்பது முதல் இன்ஜின் வேலை முடியும் வரை

ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவே தற்செயலாக பானெட்டைத் திறந்து, ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும் ஒருவர், அதன் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை என்பதைக் கண்டால், போன சர்வீஸில் ஆயிலைச் சரியாக ஊற்றாமல் விட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவார். ஊற்றி நிரப்பி, இன்னும் ஓராயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் ஆயில் மட்டம் அதே இடத்துக்கு இறங்கி நிற்கும்போதுதான், வண்டி ஆயில் குடிக்கிறது என்பது உறைக்கும். தரையில் ஒரு சொட்டும் விழுந்திருக்காது, எச்சரிக்கை விளக்கும் எரிந்திருக்காது, ஓட்டத்திலும் குறை எதுவும் தெரிந்திருக்காது.

கார் வாரண்டியில் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் உடைந்த கண்ணாடியையோ வேலை செய்யாத ஏசியையோ காட்டுவது போல இந்தக் கோளாறைக் கையால் சுட்டிக் காட்ட முடியாது. எவ்வளவு ஆயில், எவ்வளவு தூரத்தில் குறைந்தது என்ற இரண்டு எண்கள்தாம் இதற்குச் சாட்சி. அந்த எண்கள் உங்கள் நோட்டிலும் சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டிலும் (வண்டியின் புகாரையும் வேலையையும் எழுதும் தாள்) தேதியோடு ஏறியிருந்தால் வேலை நடக்கும். வெறும் வாய்வார்த்தையாக இருந்தால், வாரண்டி முடியும் நாள்வரை "இந்த மாடலுக்கு இது நார்மல்தான் சார்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வரும். என் சொந்தக் காரில் இந்த வழியை முழுவதும் நடந்து முடித்தவன் என்பதால், எங்கெங்கே கால் இடறும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், சரியாக அளக்க வேண்டும்

அளவு தவறினால் மற்ற எல்லாமே தவறிவிடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முன்சக்கரம் சற்றே மேடேறி நின்றாலும் டிப்ஸ்டிக் வேறு கணக்குக் காட்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டியபின் நிறுத்தி, மேலே ஏறிய ஆயில், இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வடிந்து இறங்கும்வரை ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். சில மாடல்களுக்கு இன்ஜின் குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்லியிருப்பார்கள் என்பதால், உங்கள் காரின் கையேட்டில் உள்ள முறையைத்தான் பின்பற்ற வேண்டும். எந்த முறையானாலும் ஒவ்வொரு தடவையும் அதே முறை, முடிந்தால் அதே இடம், அதே காத்திருப்பு நேரம்.

டிப்ஸ்டிக்கை ஒருமுறை உருவி, வெள்ளை டிஷ்யூ தாளால் துடைத்து, முழுவதும் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் உருவலில் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருந்த ஆயிலும் சேர்ந்து வருவதால் அதை நம்பக்கூடாது. இரண்டாவது தடவையும் ஒரு பக்கத்தில் மேலே இழுபட்டது போலவும் மறுபக்கத்தில் கீழே நின்றது போலவும் தெரிந்தால், கீழே உள்ள கோட்டையே கணக்கில் கொள்ளுங்கள். பிறகு அந்த ஈர நுனியைப் புதிய டிஷ்யூவின் மேல் படுக்கவைத்தால், கோடு எங்கே முடிகிறது என்பது தாளில் பதிந்துவிடும். ஓடோமீட்டரையும் டிப்ஸ்டிக்கையும் அடுத்தடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கே இல்லாமல் திரையில் மட்டும் அளவு காட்டும் கார்களில், அந்தத் திரையைப் படமெடுத்தால் போதும்.

பல கார்களில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 லிட்டர் இருக்கும். ஆனால் கோட்டைப் பார்த்து "கால் லிட்டர் குறைந்திருக்கும்" என்று உத்தேசமாகச் சொல்வதை எவரும் ஏற்கமாட்டார்கள். மேல்கோடுவரை நிரப்பித் தொடங்குங்கள். குறைந்தபின், அளவுக் குவளையால் சிறிது சிறிதாக ஊற்றி மறுபடி அதே மேல்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஊற்றிய மில்லிலிட்டர் எவ்வளவோ அதுதான் குறைந்த அளவு.

ஆயில் இறங்க விட்டுவிடாதீர்கள்

எவ்வளவுதான் குறைகிறது பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கு, ஆயிலின் அழுத்தம் விழுந்தால்தான் எரியும். அது எரியும் நேரத்தில் பேரிங்குகள் ஏற்கெனவே ஆயிலுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். ஆயில் மட்டத்தைத் தனியாக அளக்கும் சென்சார் எல்லாக் கார்களிலும் இருப்பதில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டியதால் இன்ஜின் அடிபட்டது என்று ஆகிவிட்டால், அது தயாரிப்புக் குறை ஆகாது, பராமரிப்பில் உங்கள் கவனக்குறைவு என்று வாரண்டியை மறுக்க வழி கிடைத்துவிடும். எனவே கீழ்க்கோட்டைத் தொடுவதற்கு முன்பே ஊற்றுங்கள்.

ஊற்றும் ஆயில் கையேட்டில் சொன்ன கிரேடும் தரக்குறியீடும் உள்ளதாக மட்டுமே இருக்க வேண்டும். கெட்டியான ஆயில் ஊற்றினால் குறைவது நிற்கும் என்று சொல்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. கொஞ்சம் குறையவும் கூடும். ஆனால் வாரண்டி இருக்கும்போது நீங்களாகவே கிரேடை மாற்றுவதும், கடையில் விற்கும் ஆயில் சேர்மங்களை ஊற்றுவதும் உங்கள் கையால் உங்கள் கோரிக்கையை வலுவிழக்கச் செய்யும் வேலை. வாங்கிய ஒவ்வொரு ஆயில் டின்னுக்கும் பில்லை எடுத்து வையுங்கள். மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள். அதிகமான ஆயிலை இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும், அது பிசிவி (இன்ஜினுக்குள் சேரும் வாயுவைக் காற்று உள்ளே போகும் வழிக்கே திருப்பிவிடும் வால்வ்) வழியாக உறிஞ்சப்பட்டு எரியும், நீங்களே ஒரு பொய்க்கணக்கை உருவாக்கியது போல ஆகிவிடும்.

நோட்டில் ஏற வேண்டியவை

தேதி, ஓடோமீட்டர், அளக்கும்போது இன்ஜின் சூடாக இருந்ததா, எத்தனை மில்லிலிட்டர் ஊற்றப்பட்டது, எந்த ஆயில், இடைப்பட்ட ஓட்டம் ஊருக்குள்ளா நெடுஞ்சாலையிலா. இவ்வளவு போதும். ஓர் உதாரணம்: 42,150 கிலோமீட்டரில் மேல்கோடுவரை நிரப்பினீர்கள். 43,650-இல் மறுபடி அதே கோட்டுக்குக் கொண்டுவர 600 மில்லிலிட்டர் பிடித்தது. ஓடியது 1,500 கிலோமீட்டர். ஆக 1,000 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர். அடுத்த 1,200 கிலோமீட்டரில் 540 மில்லிலிட்டர் பிடித்தால், வேகம் 0.45 லிட்டராக ஏறியிருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு கணக்கை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மூன்று கணக்குகள் ஒரே திசையில் போனால் அதை ஒதுக்குவது கடினம்.

ஒரு நுணுக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறாது. எரியாத எரிபொருளின் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். அப்போது ஆயில் எரிந்தாலும் மட்டம் குறையாதது போலவே காட்டும். பிறகு ஒருநாள் நீண்ட பயணம் போனால், கலந்த எரிபொருள் ஆவியாகி, ஒரே நாளில் அரை லிட்டர் மாயமானது போலத் தெரியும். இரண்டுமே உண்மையான எண்கள் ஆகா. அதனால்தான் கணக்கெடுக்கும் காலத்தில் குறுகிய ஓட்டமும் நீண்ட ஓட்டமும் கலந்திருப்பது நல்லது.

சாதாரணக் காரணங்களைக் கழித்துவிடுங்கள்

புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு பொருந்தி அமர்வதற்குள் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் ஆயில் கூடுதலாகக் குறைவது இயல்பு. 5,000 கிலோமீட்டருக்குப் பிறகும் அது தணியாமல் நின்றாலோ ஏறினாலோதான் கவலைப்பட வேண்டும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, இரவில் வண்டிக்குக் கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். ஆனால் அட்டை சுத்தமாக இருப்பதால் கசிவே இல்லை என்று ஆகிவிடாது. சூடான எக்ஸாஸ்டின் மேல் சொட்டும் ஆயில் தரைக்கு வராமலேயே கருகிவிடும், வண்டி நின்றபின் கருகிய வாடை மட்டும் வரும். வால்வ் கவர் ஓரம், ஆயில் ஃபில்டர் அமரும் இடம், ஆயிலை வடிக்கக் கழற்றும் அடி மூடியான டிரெய்ன் பிளக், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் அடிப்பகுதி ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள்.

புகை பேசும் மொழியும் உதவும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எழுப்பும்போது மட்டும் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து மறைந்தால், வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் பக்கம் சந்தேகப்படலாம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வந்து, மீண்டும் அழுத்தும்போது வந்தாலும் பெரும்பாலும் அதே பக்கம்தான். ஏற்றத்தில் அழுத்தும் நேரமெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங் பக்கம் யோசிக்க வேண்டும். டர்போ உள்ள வண்டியில் டர்போவின் சீலும், எந்த வண்டியிலும் சிக்கிக்கொண்ட பிசிவி வால்வும் இதே நோயைக் காட்டும். பிசிவி சிறிய பாகம், மாற்றுவதும் எளிது என்பதால் முதலிலேயே அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: புகை தெரியாத வண்டியும் நன்றாக ஆயில் குடிக்கலாம். எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அந்தப் புகையைப் பெருமளவு எரித்துவிடுகிறது.

கையேடு என்ன எல்லை சொல்கிறது

ஓனர் மேனுவலில் ஆயில் பற்றிய பக்கத்தில், சிறிய எழுத்தில், 1,000 கிலோமீட்டருக்கு இவ்வளவு வரை குறையலாம் என்ற ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். சில நிறுவனங்கள் 0.5 லிட்டர் என்றும் சில 1 லிட்டர் வரை என்றும் போட்டிருக்கின்றன. இந்த எண்ணைத்தான் உங்களிடம் நீட்டுவார்கள் என்பதால், நீங்கள் முன்பே படித்திருக்க வேண்டும். 1 லிட்டர் என்ற எல்லை எனக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. 4 லிட்டர் ஆயில் பிடிக்கும் இன்ஜின், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டிய இன்ஜின், அந்த இடைவெளியில் 10 லிட்டர் குடிக்கலாம் என்றால், தன் கொள்ளளவைப் போல இரண்டரை மடங்கை எரித்த பின்னும் அது ஆரோக்கியமாக இருப்பதாக ஆகிறது. நல்ல நிலையில் உள்ள பல இன்ஜின்கள் ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ்வரை மேல் ஊற்றலே கேட்காமல் ஓடுகின்றன.

இந்த எல்லைகள் கல்வெட்டும் அல்ல. அமெரிக்காவில் டொயோட்டா தன் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின் ஆயில் அதிகம் குடித்த விவகாரத்தில், 1,200 மைலுக்கு 1 குவார்ட், அதாவது 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் என்ற அளவை எட்டிய வண்டிகளுக்கு, மாற்றி வடிவமைத்த பிஸ்டனும் ரிங்கும் போட்டுத் தந்தது. அதற்கான காப்பு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் என்று நீட்டப்பட்டது. அதே நாட்டில் 2016-இல் சுபாரு மீதான வழக்கு சமரசத்தில் முடிந்து, குறிப்பிட்ட மாடல்களுக்கான காப்பு 8 ஆண்டு அல்லது 1,00,000 மைலாக நீண்டது. "நார்மல்" என்ற பதிலோடு நின்றுவிடாமல் அளந்து காட்டிய உரிமையாளர்கள் இருந்ததால்தான் இவை நடந்தன.

கையேட்டைப் படித்த கையோடு வாரண்டிப் புத்தகத்தையும் புரட்டுங்கள். இன்ஜினின் உட்பாகங்கள் எந்தத் தேதிவரை, எத்தனை கிலோமீட்டர்வரை காக்கப்படுகின்றன, எக்ஸ்டெண்டட் வாரண்டியில் எவை விலக்கப்பட்டுள்ளன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா ஆயில் சர்வீஸ் பில்களையும் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். ஒரு சர்வீஸ் தள்ளிப்போயிருந்தாலும் அவர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான்.

சர்வீஸ் சென்டரில் முதல் நாள்

"ஆயில் குறைகிறது, பாருங்கள்" என்று சொன்னால் ஜாப் கார்டில் "ஆயில் செக்" என்று இரண்டு சொல் ஏறும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, "42,150 முதல் 44,850 கிலோமீட்டர் வரை 1,140 மில்லிலிட்டர் ஆயில் ஊற்றப்பட்டது, வெளிக்கசிவு இல்லை, காரணம் கண்டறியவும், ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் செய்யவும்" என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். உங்கள் சேசிஸ் நம்பருக்கு இந்தக் கோளாறு குறித்துத் தயாரிப்பாளர் அனுப்பிய டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் (தெரிந்த கோளாறுகளைச் சரிசெய்யும் வழியைச் சொல்லும் அறிவிப்பு) ஏதேனும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் இடறிய இடம் இதுதான். முதல் இரண்டு தடவை போனபோதும் சர்வீஸ் அட்வைசர் மிகவும் பணிவாகப் பேசி, காசு வாங்காமல் ஆயிலை நிரப்பி, "ஓட்டிப் பாருங்கள் சார்" என்று அனுப்பிவைத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை போனபோது, அந்த இரண்டு வருகைகளுக்கும் அவர்கள் கணினியில் ஒரு வரிகூட இல்லை. இலவசமாக ஊற்றியதால் பில் இல்லை. பில் இல்லாததால் பதிவு இல்லை. ஏறத்தாழ ஆறு மாதக் கணக்கு அப்படியே போயிற்று. ஆகவே காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஊற்றிய அளவையும் கிலோமீட்டரையும் எழுதிய தாள் கைக்கு வராமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட்

உங்கள் நோட்டு அவர்களைச் சோதனைக்குச் சம்மதிக்க வைக்கும். வாரண்டி முடிவைத் தீர்மானிப்பது இந்தச் சோதனை. பழைய ஆயிலை வடித்து, புது ஃபில்டர் போட்டு, அளந்து ஊற்றி, டிரெய்ன் பிளக், ஆயில் ஃபில்டர், ஆயில் ஊற்றும் மூடி ஆகியவற்றின் மேல் பெயிண்ட் கோடோ சீல் ஸ்டிக்கரோ போடுவார்கள். பிளக்கின் விளிம்பிலிருந்து சம்ப் வரை நீளும் அந்தச் சிறிய மஞ்சள் கோடு, பிளக்கை நூலளவு திருப்பினாலும் உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். சீல் போட்டவுடன் ஒவ்வொன்றையும் அருகில் போய்ப் படமெடுங்கள். பின்னாளில் சீல் கலைந்திருக்கிறது என்ற பேச்சு வந்தால் அந்தப் படம் பேசும்.

தொடக்க அளவை எடுக்கும் நேரத்தில் அங்கேயே நில்லுங்கள். புது ஃபில்டர் காலியாக இருக்கும். இன்ஜினை ஓடவிட்டால்தான் அதற்குள் ஆயில் நிறையும். ஓடவிடாமல் மேல்கோடு பார்த்து அனுப்பினால், முதல் நாளே இருநூறு முந்நூறு மில்லிலிட்டர் குறைந்தது போலத் தெரியும். அது உங்களுக்குச் சாதகமாகத் தோன்றினாலும், கண்டுபிடிக்கப்பட்டால் சோதனை முழுவதையுமே தள்ளுபடி செய்வார்கள். இன்ஜினை ஓட்டி நிறுத்தி, காத்திருந்து, மேல்கோட்டில் நிற்பதைப் பார்த்த பிறகு ஓடோமீட்டர் எண்ணைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திடுவதே முறை. எத்தனை கிலோமீட்டரில் திரும்பி வர வேண்டும், எந்த அளவு குறைந்தால் கோளாறு என்று கொள்ளப்படும் என்ற இரண்டையும் அதே தாளில் வாங்கிவிடுங்கள். முடிவு வந்தபின் எல்லையைக் கேட்டால், எல்லை முடிவுக்குத் தக்கபடி நகரும்.

வழக்கமாக 1,000 முதல் 2,000 கிலோமீட்டர் ஓட்டச் சொல்வார்கள். எப்போதும் ஓட்டுவது போலவே ஓட்டுங்கள். நடுவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் சீலை உடைத்து நீங்களாக ஊற்றாதீர்கள்; வண்டியை நிறுத்தி, சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பி, அவர்களே வந்து ஊற்றிப் பதியச் சொல்லுங்கள். குறித்த தூரத்துக்கு முன்பே கீழ்க்கோட்டைத் தொட்டது என்பதே உங்கள் பக்கத்துக்குப் பெரிய சான்று.

முடிவளவை டிப்ஸ்டிக்கில் மட்டும் பார்க்காமல், ஆயிலை முழுதாக வடித்து எடைபோடச் சொல்வது மேல். சூடான ஆயிலை ஒரே அளவு நேரம் வடியவிட்டு, தொடக்கத்தில் ஊற்றிய எடையையும் கடைசியில் வடிந்த எடையையும் கழித்தால் கண்ணின் ஊகத்துக்கு இடமில்லை. இன்ஜின் ஆயில் 1 லிட்டர் ஏறத்தாழ 850 கிராம் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் நீங்களே கணக்கைச் சரிபார்க்கலாம்.

"கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது" என்றால்

சோதனையில் அளவு மீறியிருந்தும், கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்ற சோதனை) செய்தோம், நாலு சிலிண்டரும் சரியாக இருக்கின்றன, இன்ஜினில் குறையில்லை என்று சொல்லி அனுப்ப முயல்வது அடிக்கடி நடக்கிறது. பல உரிமையாளர்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து திரும்புகிறார்கள் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு பிஸ்டனில் பொதுவாக மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் அழுத்தத்தைப் பிடித்து வைப்பவை. மூன்றாவதுதான் சுவரில் உள்ள ஆயிலை வழித்துக் கீழே இறக்கும் ஆயில் ரிங். வழித்த ஆயில் வடிய பிஸ்டனில் சிறு துளைகள் உண்டு. உராய்வைக் குறைப்பதற்காக இறுக்கம் குறைந்த ரிங்குகளைப் போடும் இன்ஜின்களில், கரி படிந்து அந்தத் துளைகள் அடைபட்டு, ஆயில் ரிங்கும் காடிக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டால், வழிக்கப்படாத ஆயில் மேலே ஏறி எரியும். மேலிரண்டு ரிங்குகளும் நன்றாக இருப்பதால் கம்ப்ரஷன் பெரும்பாலும் குறையாது. சுவரில் மிஞ்சிய ஆயில் படலம் அதற்கு முட்டுக்கொடுக்கவும் செய்யும். ஆக, கம்ப்ரஷன் நன்றாக இருப்பது ஆயில் குடிக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது.

எனவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எந்தச் சிலிண்டரின் பிளக்கில் ஆயில் கரி படிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பிளக் துளை வழியாக போரோஸ்கோப் கேமராவை இறக்கி, பிஸ்டன் தலையில் ஈரமும் சிலிண்டர் சுவரில் கோடுகளும் உண்டா என்று பார்த்து, அந்தப் படங்களை ஜாப் கார்டோடு இணைக்கச் சொல்லுங்கள்.

வேலை தொடங்கும்போது

முதலில் பெரும்பாலும் பிஸ்டன் கரியைக் கரைக்கும் திரவச் சிகிச்சையை முன்வைப்பார்கள். ரிங் லேசாக ஒட்டியிருந்தால் அது உதவலாம் என்பதால் மறுக்க வேண்டாம். ஆனால் அதன்பின் மறுபடி முழுச் சோதனை நடக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள். அது பலிக்காவிட்டால் வால்வ் சீல், ரிங், பிஸ்டன் அல்லது ஷார்ட் பிளாக் (சிலிண்டர்களும் பிஸ்டன்களும் அடங்கிய இன்ஜினின் கீழ்ப்பகுதி) மாற்றம். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருந்தால் ரிங்கை மட்டும் மாற்றுவது வீண் வேலை. பழைய வடிவப் பாகத்தையே போடப்போகிறார்களா, திருத்திய வடிவம் வந்துள்ளதா என்று பாக எண்ணைக் கேட்டுப் பாருங்கள். நீண்ட நாள் ஆயில் எரித்த வண்டியில், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுத்திருக்கக்கூடும். அவற்றையும் இதே கோரிக்கையில் சோதிக்கச் சொல்லாவிட்டால், அடுத்த ஆண்டு அது உங்கள் செலவாக வந்து நிற்கும்.

சர்வீஸ் சென்டர் மறுத்தால், மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அதையும் ஜாப் கார்டு நகல்களையும் உங்கள் அளவுப் பட்டியலையும் ஒரே கடிதமாகத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பி, பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள். அதிலும் நகராவிட்டால், வெளியே உள்ள தகுதியான பொறியாளர் ஒருவரிடம் ஆய்வறிக்கை வாங்கிக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆனால் வாரண்டி நடக்கும்போது இன்ஜினை வெளியே பிரித்துவிடாதீர்கள், பிரிக்காமல் பார்க்கும் ஆய்வு மட்டும் போதும். வாரண்டி முடிய இன்னும் சில வாரங்களே இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் புகாரைத் தேதியோடு பதிவு செய்துவிடுங்கள். வாரண்டிக்குள் பதிவான கோளாறை, சோதனை முடியும் முன்பே நாள் கடந்துவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழிப்பது அவர்களுக்கு எளிதாக இராது.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்தபின் புதிய ரிங்குகள் அமரும்வரை சிறிது ஆயில் குறையும். அதனால் முதல் 2,000 கிலோமீட்டர் கணக்கைத் தனியாக வைத்து, அதன்பின் 5,000 கிலோமீட்டர்வரை அதே நோட்டில், அதே முறையில் அளந்து எழுதுங்கள். மாற்றிய பாகங்களுக்கு எத்தனை மாதம் காப்பு என்பதை பில்லிலேயே எழுதி வாங்கி, அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு கடைசியாக ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.